சாமந்திக்கு இருட்டு வேண்டும்

கடைசிக் கம்பத்து விளக்கு முதன்முதலாக எரிந்த சாயங்காலம், அன்புச்செல்வி அதன் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. பூச்சிகள் அதற்குள் மோப்பம் பிடித்து வந்து சுற்ற ஆரம்பித்திருந்தன. கழுத்தில் ஆறிய காயத்தின் கோட்டைத் தடவியபடி, இனிமேல் பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவ்வளவு சீக்கிரம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

திண்டிவனம் புறவழிச்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே திரும்பினால் செல்லியம்மன் நகர். முன்பு வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையாகக் கிடந்த இடம். இப்போது மூன்று தெரு, எல்லா வீட்டுக்கும் கிரில் கேட், வாசலில் கார். மூன்றாம் தெருவின் கடைசிக் கம்பத்தோடு தார்ரோடு முடிந்துபோகும். அதற்கு அப்பால் மண்பாதை. அந்த மண்பாதை போய்ச் சேருகிற இடம் காலனி. அன்புச்செல்வியின் வீடு அங்கேதான். காலனிக்கு வேறு வழி கிடையாது. தார் எங்கே முடிகிறதோ அங்கே அரசாங்கமும் முடிந்துவிடும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைசிக் கம்பத்திலேயே இத்தனை வருடமாக வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது.

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அடிக்கிற வேலை அவளுக்கு. குடும்பத்திலேயே முதல் பட்டம். தாவரவியல். படித்தது செடிகொடி, கிடைத்தது ரத்தமும் மூத்திரமும். வேலை முடிந்து பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கும்போது ஒன்பதாகிவிடும். வைகாசியில் அப்படி ஒருநாள் வந்துகொண்டிருந்தபோது பின்னால் பைக் சத்தம் கேட்டது. ஒதுங்கி நின்றாள். ஒதுங்கியவள் கழுத்தில் கை விழுந்தது. சங்கிலி அறுகிறவரை வண்டி நிற்கவில்லை. முட்டி தேய அவளும் கூடவே போனாள். கவரிங் என்று தெரிந்ததும் கொஞ்சதூரம் தள்ளி நிறுத்தி, ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, அதை அவள் பக்கமே விட்டெறிந்தான் பின்னால் உட்கார்ந்திருந்தவன். திருட வந்தவனுக்கு அவள்மேல் கோபம்! தங்கம் போடாமல் ஏமாற்றிவிட்டாளாம். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். எரிச்சல் இருக்கும்போது பயம் தெரியாது. எரிச்சல் அடங்கியதும் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைவீதியில் பட்டப்பகலில் பைக் சத்தம் கேட்டால்கூட முதுகுத்தோல் சுருங்கும்.

மனு எழுதினாள். எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். "இந்த ஆபீஸ் இல்லம்மா" என்று அவளை அனுப்பாத ஆபீஸ் இல்லை. கடைசியில் ஆடி முடியும்போது ஏணி வைத்த வண்டி வந்து விளக்கை மாட்டிவிட்டுப் போனது. நகர் நலச் சங்கத்துக்காரர்கள் அதன் கீழே நின்று ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. விளக்கு எரிந்தால் போதும்.

ஆவணியில் நகருக்குள் பூட்டின வீடு இரண்டை உடைத்துத் திருடினார்கள். அதோடு இரவுக் காவல் வந்தது. சங்கத் தலைவர் நெடுஞ்செழியன், போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே வருகிற எவரையும் டிக்கெட் எடுக்காதவர் மாதிரியே பார்க்கிற கண் அவருக்கு. முறைவைத்து ஆட்கள், ஆளுக்கொரு தடி, டார்ச், விசில். இருட்டினால் நகர் வழியாக யார் போனாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். நகர் வழியாகப் போகிறவர்கள் யார்? காலனிக்காரர்கள்தான்.

"யாரது?"

"நான்தான் சார், அன்பு."

"எந்த அன்பு?"

"நேத்து இதே எடத்துல நிறுத்தினீங்களே, அதே அன்பு."

"இன்னாம்மா நக்கலா? ராத்திரியில பொம்பளப் புள்ள ரோட்ல வந்துக்கினு, வாய் வேற."

"பஸ்ஸு இப்பத்தான் சார் வருது. அதையும் ஒருநாளு நிறுத்திக் கேளுங்க."

தலைவருக்குப் பக்கத்தில் நின்றவன் ஜெகதீசன். பத்திர ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். தடியைப் பிடித்துக்கொள்வதில் அவனுக்குத் தனி சுகம். காலனித் தென்னரசு லோடு ஆட்டோவில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறக்கச் சொல்லி, "சாவிய குட்றா" என்று கேட்டவன் அவன்தான். தென்னரசு ஏன் என்று கேட்டான். ஒரு அறை விழுந்தது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொல்லிச் சிரித்தான்: "பெரிய பேஜாரா பூட்சி அக்கா. என் வண்டியில அழுகின தக்காளிதான் இருந்துச்சி. அதயும் டார்ச் அடிச்சி எண்ணினானுங்க." சிரித்தவன் கண் சிரிக்கவில்லை.

கடைசிக் கம்பத்துக்கு இடப்பக்கம் இருக்கிற சாமந்திக் கொல்லை அன்புச்செல்வியின் அம்மா ஜெயம்மாள் குத்தகைக்கு எடுத்துச் செய்வது. நிலத்துக்காரர் சென்னையில் இருந்தார். மனை போடுகிறவரைக்கும் பயிர் வைத்துக்கொள் என்று விட்டிருந்தார். அப்பா பச்சமுத்துவும் சென்னையில்தான், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ராத்திரி வாட்ச்மேன். ஆகவே நாற்று நட்டதிலிருந்து களை பிடுங்கியது, பேன் மருந்து அடித்தது, விடியாத முன்னே பூப்பறித்துக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தது எல்லாம் ஜெயம்மாள். ஆயுத பூஜைக்குப் பூ எடுக்கிற கணக்கில் நட்ட சாமந்தி. அந்தப் பூ தவறினால் குத்தகை தவறும். குத்தகை தவறினால் நிலம் கைவிட்டுப் போகும்.

புரட்டாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேப்பைக்கூழைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் கொல்லையில் இறங்கினார்கள். முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. மண் காலைப் பிடித்தது. பம்பு செட்டுப் பக்கத்துச் செடிகளில் பச்சை மொக்கு மணிமணியாகக் கட்டியிருந்தது. கம்பத்துப் பக்கம் வர வர மொக்கு குறைந்தது. கம்பத்தடியில் ஒன்றும் இல்லை. செடி மட்டும் இடுப்புயரம், கரும்பச்சையாக, கீரைக்கு வளர்த்தமாதிரி நின்றது.

"யாரு கண்ணு பட்டுச்சோ தெரியல" என்றாள் ஜெயம்மாள். "ஒரே நாத்து, ஒரே உரம், ஒரே தண்ணி. இந்தப் பக்கம் மட்டும் சொம்மா வளந்துக்கினே போவுது பாரு. வேப்பம் புண்ணாக்கு கூட வச்சேன்."

அன்புச்செல்வி செடியைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தாள். குறும்பகல் தாவரம். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும். எடுத்துக்காட்டு: சாமந்தி. பரீட்சையில் அவள் படம் போட்டு எழுதிய பதில். விளக்குக்கு மனு எழுதினபோது அந்த ஒரு வரி அவள் தலையில் எந்த மூலையில் போய்ப் படுத்திருந்ததோ.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. லைட்டு."

"இன்னாது?"

"ராத்திரி வெளிச்சம் பட்டா அது பகல்னு நெனச்சிக்குது. பகல் நீண்டுக்கினே போவுதே, இன்னும் சீசன் வரலன்னு பூக்காம நிக்குது."

ஜெயம்மாள் ஒரு செடியின் நுனியை வளைத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி சண்டாளி. நீயே மனு எழுதி, நீயே அலைஞ்சி, எங்கொல்லை வாசல்ல கொண்டாந்து மாட்டினியா?"

"தெரிஞ்சா செஞ்சேன்?"

"அதுக்குத்தான உன்ன படிக்க வச்சது." சொல்லிவிட்டு உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி வுடு. உனுக்கும் லைட்டு வேணுமே. ராத்திரி நீ வந்தப்புறம் அத மூடிட்டா?"

அந்த இடத்தில் அன்புச்செல்வி சொல்லியிருக்க வேண்டும். ஒன்பதுக்கு மேல் மூடிப் பிரயோசனம் இல்லை, பொழுது சாய்ந்ததுமே இருட்டாக வேண்டும் என்று. அவளுக்குத் தெரியும். சொன்னால் மறுநாளிலிருந்து அந்தக் கம்பத்தடியை அவள் இருட்டில் கடக்க வேண்டும் என்பதும் தெரியும்.

"ம்" என்றாள்.

அன்றைக்கே ஜெயம்மாள் வேலையில் இறங்கினாள். கிழிந்த கறுப்புத் தார்ப்பாயைப் பைமாதிரித் தைத்து, வாயில் கம்பி வளையம் கோத்தாள். புளி உலுக்குகிற தொரட்டியோடு இன்னொரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டினாள். வரப்பு மேட்டில் ஏறி நின்று எக்கினால் விளக்கு எட்டியது. பையை மாட்டிவிட்டு, வெளிச்சம் செத்ததும், "எம்மாம் சுளுவு பாத்தியா!" என்று சின்னப் பிள்ளைமாதிரித் துள்ளினாள். விடியற்காலை தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கழற்றிவிடுவாள். நகரில் எழுந்து கோலம் போடும் நேரத்துக்கு விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருக்கும்.

தினமும் ராத்திரி ஜெயம்மாள் பம்பு செட்டு ஓரம் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். மகள் விளக்கடியில் வருவதைப் பார்ப்பாள். மகள் விளக்கைத் தாண்டி மண்பாதையில் இறங்கினபிறகுதான் எழுந்து வந்து தொரட்டியைத் தூக்குவாள். பிறகு இரண்டு பேருமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள்.

நகருக்குள் என்ன நடந்தது என்பதை அங்கே குடியிருக்கிற அஸ்வினி சொன்னாள். கல்லூரியில் கூடப் படித்தவள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வருவதையெல்லாம் சிரிப்புக்காக அன்புச்செல்விக்கு அனுப்புவாள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைசி விளக்கு ராத்திரியானால் அணைகிறது, விடிந்தால் எரிகிறது. எலெக்ட்ரீசியனை ஏற்றிப் பார்த்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. மோகினி என்றார் ஒருவர். மோகினி என்றால் விடிந்ததும் விளக்கை மறுபடி ஏன் எரியவிடுகிறது என்று கேட்டார் இன்னொருவர். இருட்டினபிறகு காவல்காரர்கள் கடைசிக் கம்பத்துப் பக்கமே போவதில்லை. இரண்டாம் தெருவிலேயே நின்று விசில் அடித்தார்கள். யாரை எழுப்ப அந்த விசில்? தங்களுக்கே தைரியம் சொல்லிக்கொள்ளத்தான்.

பிறகு சிரிப்பு நின்றது. எங்கேயோ, எந்த ஊரிலோ, திருடர்கள் முதலில் தெருவிளக்கை அணைத்து நோட்டம் பார்ப்பதாக ஒரு வீடியோ வந்தது. முகமூடி போட்டவர்கள், எண்ணெய் பூசிய உடம்பு. அதைப் பார்த்தபிறகு மோகினி திருடனாகிவிட்டது. திருடன் கொஞ்ச நாளில் காலனிக்காரன் ஆனான். அதற்கு அதிக தூரம் இல்லை, ஒரு மண்பாதைதான்.

"எம்மா, போதும். வுட்டுடு" என்றாள் அன்புச்செல்வி, சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே. "பயந்து போயிக் கீறானுங்க. கையில தடி வேற."

"ஆயுத பூஜ வரைக்கும்டி. அந்தப் பக்கம் ரெண்டொரு செடி மொக்கு வுடறாப்புல கீது."

ஒன்றும் விடவில்லை. அது அன்புச்செல்விக்குத் தெரியும்.

"தலைவர் கிட்ட போயி முறையா கேக்கலாம்."

"கேட்டா? பூவுக்காக லைட்ட அணைக்கணும்னா சிரிப்பானுங்க. நம்ம பூவுக்காக அவன் வூட்டு வாசல்ல இருட்டு வச்சுக்குவானா? செடியப் புடுங்கிப் போடுன்னுவான்."

அந்த நேரத்துக்கு அப்பாவின் போன் வந்தது. ஜெயம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பச்சமுத்து அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தார்.

"தா ஜெயா, நான் இத்தினி வருசமா ராத்திரி காவல் காக்குறேன். ஒரு திருடனக் கூட பாத்ததில்ல. பாத்தா முதல்ல ஓடறவன் நான்தான். எனுக்கு சம்பளம் குடுக்குறாங்கோ, அதால பயப்படறதுக்கும் ஒரு அளவு வச்சிக் கீறேன். இவனுங்க சம்பளம் இல்லாம பயப்படறானுங்க. அளவு இருக்காது. அந்தப் பக்கம் போவாத."

"நீ அங்க குந்திக்கினு எனுக்கு புத்தி சொல்லு. பூவ வந்து நீயா பறிக்கப் போற?"

"சொல்றத கேளேன்."

"சோறு துன்னியா?"

"துன்னேன்."

"அப்ப வையி."

இரண்டு நாள் கழித்து விழுப்புரத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தாள் அன்புச்செல்வி. விக்கிரவாண்டி தாண்டினதும் அஸ்வினியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. சங்கத்துக் குழுவிலிருந்து எடுத்து அனுப்பியது. போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்டாள். ஜெகதீசனின் குரல், குசுகுசுவென்று.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னிக்கு விசில் கெடையாது, டார்ச் கெடையாது. பொழுது போனதும் நாங்க அத்தினி பேரும் கடைசி கம்பத்துக்கு எதிர கருவ மரத்தடியில பதுங்கிக்குறோம். லைட்டு கிட்ட எவன் தொரட்டி கிரட்டின்னு எத தூக்கினு வந்தாலும் சரி, மொதல்ல கால ஒடச்சிட்டு அப்புறம்தான் பேரக் கேப்போம். வூட்ட வுட்டு யாரும் வெளிய வராதீங்க."

அதன் கீழே அஸ்வினி எழுதியிருந்தாள்: தென்னரசு அண்ணனை இன்றைக்கு அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லு.

நல்லவள்தான் அஸ்வினி. அவளுக்கும் தென்னரசுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறான்.

தொரட்டி. யாரோ நிழலைப் பார்த்துவிட்டிருக்கிறார்கள். அம்மாவின் நம்பரைப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சமையல்கட்டு அலமாரியில் சார்ஜரில் கிடந்து அது கத்துவது இங்கிருந்தே தெரிந்தது. ஜெயம்மாள் கொல்லைக்குப் போனைக் கொண்டுபோகிற ஆள் இல்லை. மறுபடி போட்டாள். மறுபடி. பக்கத்து இருக்கைக்காரர், "சிக்னல் இல்லியாம்மா?" என்றார்.

தென்னரசு நம்பரை எடுத்தாள். விரலை வைக்கப் போய் நிறுத்தினாள். அவனை அனுப்பினால் அவன் கம்பத்தடிக்குத்தான் போவான். அப்புறம் அவன்தான் திருடன். தென்னரசுவின் அம்மாவை அனுப்பினால்? அவள் வழியெல்லாம் "ஜெயா, ஜெயா" என்று கத்திக்கொண்டே போவாள். யார் பெயரை நினைத்தாலும் அந்தப் பெயர்மேல் ஒரு தடி விழுகிறமாதிரி இருந்தது. அஸ்வினியிடம் சொன்னால்? 'எங்கம்மாதான்' என்று எழுதினாள். அனுப்பாமல் அழித்தாள். காலையில் குழுவில் அதுதான் ஓடும். திருடி ஜெயம்மாள்.

ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அவள் விளக்கைத் தாண்டாதவரை அம்மா எழுந்து வரமாட்டாள்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போனது. கூட்டேரிப்பட்டில் ஒரு கிழவர் கோழிக்கூடையை ஏற்ற, கண்டக்டர் கூடாது என்க, அது ஒரு பஞ்சாயத்து. எழுந்து போய் அந்தக் கோழிகளைத் தன் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது அவளுக்கு, பஸ் நகர்ந்தால் போதும்.

இறங்கி நடந்தாள். முதல் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. டி.வி. சத்தம்கூட இல்லை. இரண்டாம் தெருவில் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தாததுதான் அதிகப் பயமாக இருந்தது. தூரத்தில் கடைசிக் கம்பத்து விளக்கு, ஈசல் மொய்க்க, எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே வட்டமாக ஈர மண். வட்டத்துக்கு வலப்பக்கம் கருவை மரங்களின் கறுப்பு. இடப்பக்கம் சாமந்தியின் கறுப்பு. ஒரு கறுப்பில் தடி பிடித்தவர்கள், இன்னொன்றில் அம்மா. கருவைப் பக்கத்திலிருந்து பீடி வாசனை வந்தது.

வட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். செருப்பு வார் அறுந்தமாதிரி குனிந்தாள், நிமிர்ந்தாள். எவ்வளவு நேரம் செருப்பைப் பார்ப்பது? கழுத்து வியர்த்து அந்தக் கோடு எரிந்தது. 'எம்மா, வராத' என்று கத்தினால் கருவைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்ததாகும். போனை எடுத்தாள். யாருக்கும் போடாமல் காதில் வைத்துக்கொண்டு, தெருவே கேட்கிறமாதிரிப் பேசினாள்.

"எம்மா! நான் இன்னிக்கு அஸ்வினி வூட்டுல படுத்துக்குறேன். நீ எனுக்காக காத்துக்கினு இருக்காத. வூட்டுக்குப் போயி கதவ சாத்திக்கினு படு. கேக்குதா? எங்கியும் வராத. வூட்டுக்குப் போ."

கொல்லையில் சலசலப்பு நின்றது. போய்விடுவாள் என்று நினைத்தாள். ஆனால் ஜெயம்மாள் வேறொன்று நினைத்தாள். தன் போன் வீட்டில் கிடக்கிறது. மகள் தன்னோடு பேசுவதுபோல் வெறும் போனில் கத்துகிறாள். குரல் நடுங்குகிறது. விளக்கடியில் அசையாமல் நிற்கிறாள். யாரோ பிடித்துவைத்துக்கொண்டு அப்படிப் பேசச் சொல்லுகிறார்கள். அன்றைக்குச் சங்கிலி அறுத்தவர்கள்தான், வேறு யார்? புடவையை வரிந்துகொண்டு, பை தொங்குகிற தொரட்டியை ஈட்டிமாதிரிப் பிடித்து, சாமந்திச் செடிகளை மிதித்துத் துவைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எவன்டா எம் பொண்ண..."

வார்த்தை முடியவில்லை. கருவை மரத்தடி எழுந்து வந்தது. அப்படித்தான் அன்புச்செல்விக்குத் தெரிந்தது. கால்கள், தடிகள், "புட்றா, புட்றா" என்ற கத்தல். அம்மாவை நோக்கிப் பாய்ந்தாள். அதற்கு முன்னால் ஒரு தடி சுழன்று இறங்கிவிட்டது. தொரட்டி தெறித்தது. ஜெயம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இரண்டாவது அடி அன்புச்செல்வியின் தோளில் விழுந்தது.

"அடிக்காத! அடிக்காதடா! எங்கம்மா!"

"டேய், பொம்பளடா! பொம்பள!" யாரோ கத்தினார்கள்.

நின்றார்கள். டார்ச்சுகள் எரிந்தன. எரிகிற விளக்கின் கீழே எதற்கு டார்ச் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. ஜெகதீசன் தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். நெடுஞ்செழியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கறுப்புப் பையைக் காலால் நகர்த்திப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நீயா லைட்ட மூடினுகீற?"

"ஆமா சார்" என்றாள் ஜெயம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது.

"எதுக்கு?"

"பூவுக்கு சார். வெளிச்சத்துல பூக்க மாட்டேங்குது."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அன்புச்செல்விக்குப் பயம் விட்டுப்போனது.

"சிரிக்காதீங்க. அங்க டார்ச் அடிச்சிப் பாருங்க. கம்பத்தாண்ட ஒரு மொக்கு இருக்குதா? பம்பு செட்டாண்ட அடிச்சிப் பாருங்க. இவ்ளோ நாளா லைட்டு மேல ஏறிப் பாத்தீங்களே, ஒருத்தராவது கீழ பாத்தீங்களா?"

டார்ச்சுகள் செடிகளின்மேல் போய் வந்தன.

"நீங்க வந்து சொல்லியிருக்கணும்" என்றார் நெடுஞ்செழியன்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா சார்? பொம்பளன்னதும் நிறுத்தினீங்க. தென்னரசுவா இருந்தா?"

நெடுஞ்செழியன் டார்ச்சை அணைத்தார்.

"இருட்டுல எங்களுக்கு எப்பிடி தெரியும்?" என்றான் ஜெகதீசன். அழுதுவிடுவான்போல இருந்தது.

"இருட்டா?" அன்புச்செல்வி விளக்கைக் காட்டினாள். "எரிஞ்சிக்கினுதான கீது? வெளிச்சத்துலதான அடிச்ச?"

ஈசல்கள் விளக்கில் மோதும் சத்தம் கேட்டது. நெடுஞ்செழியன் ஜெயம்மாளின் கையைப் பார்த்தார், காலனிப் பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றிரண்டு கதவுகள் திறக்கிற ஓசை. அவர் முகத்தில் இப்போது வேறொரு பயம். காலனிப் பொம்பளையை நகர்க்காரர்கள் கூடி அடித்தார்கள் என்றால் அது என்ன கேஸ் என்று அவருக்குத் தெரியும்.

"தா பாருமா, நடந்தது நடந்துபோச்சி. கேஸு கீஸுன்னு போவ வேணாம். கைக்கு ஆஸ்பத்திரி செலவ சங்கம் பாத்துக்கும். பூவும் பூக்கட்டும். ஆயுத பூஜ வரைக்கும் இந்த லைட்ட மூடி வச்சிக்கோங்க, யாரும் கேக்க மாட்டோம். குரூப்புல போட்டுடறேன். எத்தினி மணிக்கு மூடணும், அத மட்டும் சொல்லு."

"ஒம்போதுக்கு மேல சார்" என்றாள் ஜெயம்மாள் சட்டென்று. "பொண்ணு வந்தப்புறம். அதுக்கு முன்ன வேணாம்."

கேஸைப் பற்றி நாளைக்குப் பேசலாம். அம்மாவே முடிவு செய்யட்டும். ஆனால் இது இப்போது சொல்ல வேண்டியது. அன்புச்செல்வி, மிதிபட்டுக் கிடந்த செடிகளைப் பார்த்தாள். அவளைக் காப்பாற்ற ஓடி வந்த வழி அது. அந்த வழி தவிர கம்பத்தடியில் மீதி அத்தனையும் மொக்கில்லாமல் நின்றது.

"ஆறு மணிக்கு" என்றாள்.

"இன்னாது?"

"ஒம்போதுக்கு மேல மூடினா அதுக்குப் பத்தாதும்மா. பொழுது சாயும்போதே மூடணும். அப்பதான் பூக்கும்."

ஜெயம்மாள் வலியை மறந்து மகளை நிமிர்ந்து பார்த்தாள். எப்போதிலிருந்து உனக்கு இது தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அப்ப நீ எப்பிடிடி வருவ?"

அன்புச்செல்வி கீழே கிடந்த பையை எடுத்தாள். குனிந்து தொரட்டியை எடுத்தாள். பையைக் கொக்கியில் மாட்டினாள். வரப்பு மேட்டில் ஏறி எக்கியபோது அடிபட்ட தோள் கத்தியது. முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை வளையம் போய் உட்கார்ந்தது.

வெளிச்சம் செத்தது. பின்னால் அத்தனை ஆண்களும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. இருட்டில் துழாவி அம்மாவின் நல்ல கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு மண்பாதையில் இறங்கினாள்.